லீவு கொடுக்க ஆள் இல்லாத பேண்டு செட்

பேண்டு செட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். பெரிய டிரம்மை எப்படி மாட்டினால் முதுகு வலிக்காது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. எப்படி மாட்டினாலும் வலிக்கும். மழையில் நனைந்த டிரம் தோலை நெருப்பில் காட்டுவதும், உதடு வெடித்தால் வெண்ணெய் தடவுவதும் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்தே வந்துவிடும். நான் சொல்ல வந்தது வேறு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் காரைக்காலில் நாங்கள் ஒரு செட்டு வைத்திருந்தோம். அதற்கு மாஸ்டர் கிடையாது.

சிரிக்காதீர்கள். உங்களுக்கு மாஸ்டர் இருக்கிறார், நல்ல மனிதர், நன்றாக இருக்கட்டும். எங்களுக்கும் ஒருவர் இருந்தார். கும்பகோணத்தில் பெரிய செட்டு ஒன்று கூப்பிட்டது என்று ஒருநாள் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அடுத்து யார் என்று பேசுவதற்காக ரைஸ் மில் கொட்டகைக்குப் பின்னால் கூடினோம்.

எங்களில் மூத்தவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்து பேண்டில் வாசித்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். அவருடைய சொந்தப் பெயர் கலியாணப் பத்திரிகையில்தான் இருந்திருக்கும், ஊரில் எல்லோருக்கும் அவர் சொல்தாதான், பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்து வாசிக்கிற பெரிய பித்தளை வாத்தியம் இருக்கிறதே, யூஃபோனியம், அது அவருடையது. கட்டளை போட்டுப் பழகிய இடத்திலிருந்து வந்தவர், அவரே மாஸ்டராக இருக்கட்டும் என்றோம்.

"ஒருத்தன் கோலையே பாத்து ஊதி ஊதி எனக்குக் கண்ணு மாறுகண்ணாப் போச்சு. இனிமே எவன் கோலையும் நான் பாக்க மாட்டேன். நானும் கோல் எடுக்க மாட்டேன். ஆள விடுங்க" என்று கையை உதறிவிட்டார்.

டிரம்பட் வாசித்த ஜப்பார் பாயைக் கேட்டோம். "மாஸ்டர்னா எல்லார் ஏச்சும் எனக்குல்ல வரும்? அல்லா காப்பாத்துவான், வேணாம் மாப்ள" என்றார். கிளாரினெட் சவரிமுத்துவைக் கேட்டோம். அவன் கூச்ச சுபாவி. வாத்தியத்தின் நாணலை எச்சிலில் நனைத்துக்கொண்டே வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். எனக்கு ஆசை இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை.

அப்படித்தான் மாஸ்டர் இல்லாமலே தொடங்கினோம். கொள்கை, லட்சியம் எதுவும் கிடையாது. வேறு வழி இல்லை, அவ்வளவுதான். வந்ததைச் சமமாகப் பிரித்தோம், சண்டை வந்தால் சத்தமாகப் போட்டோம். புதுப் பாட்டு ஒன்றை எடுத்தால் இன்னார் இன்னதை வாசி என்று சொல்ல ஆள் இல்லை. ஒருவர் ஓர் அடியை வாசிப்பார், இன்னொருவர் அதற்குக் கீழே ஒன்றை வைப்பார். பிடிக்காதவர் பிடிக்கவில்லை என்று வாயால் சொல்லக் கூடாது, தன் வாத்தியத்தில் வேறு மாதிரி வாசித்துக் காட்ட வேண்டும். அது நன்றாக இருந்தால் முதலில் வாசித்தவரே அதற்கு மாறிக்கொள்வார். இப்படி ஒரு பாட்டு உருவாக வெகு நேரம் பிடிக்கும். ஆனால் முடிந்த பிறகு அது யாருடையது என்று எங்களுக்கே தெரியாது.

இதற்கு ஒரு பெயர் இருப்பதைச் சொல்தாதான் சொன்னார். பட்டாளத்தில் வரிசை கொஞ்சம் கோணினால் அதிகாரி "அனார்ஷி!" என்று கத்துவானாம். அங்கே அது வசவு. முகாமுக்கு வெளியே கடை வைத்திருந்த செருப்புத் தைக்கிறவன் ஒருவன் அதே வார்த்தையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வானாம். மேலே ஒருத்தன் உட்காராமலேயே மனுஷர்கள் சேர்ந்து வேலை செய்யலாம் என்பது அவனுடைய கட்சி.

"கட்சியா? தலைவர் யாரு?" என்றார் ஜப்பார் பாய்.

"அதான் இல்லங்கறேன்ல!"

அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். அதற்குப் பிறகு யார் வந்து மாஸ்டர் யாருங்க என்று கேட்டாலும், "மாஸ்டரா? எல்லாரும் மாஸ்டர்தான்" என்று ஒரே மாதிரி பதில் சொல்லப் பழகிக்கொண்டோம். கேட்டவர் திருதிருவென்று விழிப்பதைப் பார்ப்பதில் எங்களுக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

தலை இல்லாத செட்டுக்கு என்ன கஷ்டம் வரும் என்று நினைக்கிறீர்கள்? ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள் என்றுதானே? இல்லை. எங்களுக்கு வந்த கஷ்டம் மரியாதை. பூவம் என்ற ஊரில் ஒரு கலியாணம். ஊர்வலம் பந்தல் வாசலுக்கு வந்து நின்றுவிட்டது. பாட்டை முடிக்க வேண்டும். நாம் முடித்தால் மற்றவர்களுக்கு உத்தரவு போட்டது போல ஆகிவிடுமே என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே மறுபடியும் பல்லவிக்குப் போனோம். மறுபடியும் சரணம். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களின் கை ஓய்ந்தது, கற்பூரம் எரிந்து அணைந்தது. "இவனுவளுக்குப் பாட்ட ஆரம்பிக்கத்தான் தெரியுமா?" என்று ஓர் அம்மாள் கத்தினாள். கடைசியில் ஜப்பார் பாய்க்கு மூச்சு முட்டி இருமல் வந்ததால் பாட்டு முடிந்தது. அன்று திரும்பி வரும்போது ஒன்றைப் பேசி முடிவு செய்தோம். யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஒருவர் நிறுத்தினால் அத்தனை பேரும் நிறுத்திவிட வேண்டும். காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இனி குரும்பகரம் கதைக்கு வருகிறேன்.

குரும்பகரத்தில் நிலபுலம் உள்ள ஒரு பெரியவர் வீட்டில் கலியாணம். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை நாகப்பட்டினம் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார். பூவால் மூடிய காரில் அவரை உட்காரவைத்து, பிள்ளையார் கோயிலிலிருந்து பெண் வீட்டுப் பந்தல் வரை நாங்கள் வாசித்துக்கொண்டு போக வேண்டும். பெண்ணைப் பெற்ற அந்தப் பெரியவர் எங்களைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "பந்தல் வர்ற வரைக்கும் பாட்டு நிக்கக் கூடாது. நின்னா அபசகுனம். போன வருசம் என் தம்பி வூட்டுக் கலியாணத்துல பாதியில நிறுத்துனான் ஒரு செட்டுக்காரன். அவன் இந்தப் பக்கமே தலகாட்ட முடியல."

அவருடைய சொந்தக்காரர்கள் வீட்டில் அந்தத் தை மாதம் வரிசையாகக் கலியாணங்கள் இருந்தன. அத்தனையும் எங்களுக்கு வர வேண்டியவை. நாங்கள் தலையை ஆட்டினோம்.

சவரிமுத்துவின் மனைவி எலிசாவுக்கு அது முதல் பிரசவம். நாள் நெருங்கியிருந்தது எங்களுக்குத் தெரியும். ஆனால் அன்று காலையிலேயே வலி எடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் அவன் வந்திருக்கிறான் என்பது தெரியாது. சட்டையை மாட்டினான், தொப்பியை இறக்கி விட்டுக்கொண்டான், கிளாரினெட்டைத் துடைத்தான். வாய் திறக்கவில்லை. எப்போதுமே பேசாதவன் அன்று பேசாமல் இருந்ததை யார் கவனிப்பார்கள்?

பொழுது சாய்ந்து, பெட்ரோமாக்ஸ் விளக்குகளை ஏற்றித் தலையில் வைத்துக்கொண்டார்கள். ஊர்வலம் கிளம்பியது. முன்னால் சின்ன டிரம்காரர்கள், அடுத்து பித்தளை வாத்தியங்கள், நடுவில் சவரி, எல்லோருக்கும் பின்னால் பெரிய டிரம்மோடு நான். எனக்குப் பின்னால் சீர்வரிசைத் தட்டோடு பெண்கள், அதற்கும் பின்னால் கார். பாதை குறுகல், இரண்டு பக்கமும் வயல். காரைக்காலிலிருந்து வந்த பஸ் ஒன்று ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

அந்த பஸ்ஸில்தான் எலிசாவின் அக்காள் பிலோமினா வந்தாள். பஸ் நகராது என்று தெரிந்ததும் இறங்கி, வரப்பு வழியாகவே ஓடி ஊர்வலத்தின் முன்னால் போய்விட்டாள். சவரியிடம் நேராகப் போயிருக்கலாம். ஆனால் அவளுக்குத் தெரிந்த செட்டுகளில் எல்லாம் பாட்டின் நடுவில் ஒருவனை இழுத்தால் மாஸ்டர் அவனை வேலையை விட்டே துரத்திவிடுவார். தங்கை புருஷனின் பிழைப்பைக் கெடுத்துவிடக் கூடாதே என்று அவள் மாஸ்டரைத் தேடினாள். சவரியும் அவளைப் பார்க்கவில்லை. கிளாரினெட்டை வாயில் வைத்தால் கண்ணை மூடிவிடுவது அவன் வழக்கம். டிரம் சத்தத்தை வைத்தே நடப்பான்.

முன்வரிசையில் சின்ன டிரம்காரரிடம், "மாஸ்டர் யாருங்க?" என்று கேட்டிருக்கிறாள். அவர் அடித்துக்கொண்டே, "எல்லாரும் மாஸ்டர்தாம்மா" என்று சிரித்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள். அவரும் அதே பதில், அதே சிரிப்பு. ஜப்பார் பாய் ஒரு சரணத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் டிரம்பட்டை இறக்கி, "நான் மாஸ்டர், அவர் மாஸ்டர், நீங்க வேணும்னாலும் மாஸ்டர்" என்றிருக்கிறார். கலியாணத்துக்கு எங்களைப் பேச வந்த யாரோ என்று நினைத்திருக்கிறார் பாவம். அந்தப் பெண் அழத் தொடங்கியதை பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்ததில் ஒருவரும் பார்க்கவில்லை. கண்ணீர் முகத்தோடு வரிசையின் கடைசிக்கு, என்னிடம் வந்தாள்.

எனக்குக் கைதான் வேலை, வாய் சும்மா இருந்தது. அதே பதில் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்லவேளை, முகத்தைப் பார்த்தேன். "என்னம்மா?" என்றேன்.

"எலிசாவுக்குப் புள்ள குறுக்கே கெடக்காம். ஆப்ரேசன் பண்ணணுமாம். புருசன் கையெழுத்து வேணுங்கறாங்க. ரெண்டு உசுருங்கண்ணே. மாஸ்டர்கிட்ட கொஞ்சம் சொல்லுங்கண்ணே, ஒரு மணி நேரம் லீவு கொடுக்கச் சொல்லுங்க."

தம்பிகளே, மாஸ்டர் இருந்திருந்தால் நான் இதை அவரிடம் தள்ளிவிட்டு டிரம்மை அடித்துக்கொண்டிருப்பேன். முடிவு அவருடையது, பாவமும் அவருடையது. அன்று அது என் கையில் இருந்த கட்டையில் வந்து நின்றது. பெரியவர் சொன்னது காதில் ஒலித்தது. முன்னால் ஒரு திருப்பம் தெரிந்தது. அங்கே போனதும் இந்தப் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும், அப்போது சவரியை அனுப்பலாம், ஒரு சரணம்தானே, அதுவரை பொறுத்தால் யாருக்கும் கெட்ட பெயர் வராதே என்று என் மனம் கணக்குப் போட்டது. ஆனால் கை என்னை விட நல்லது போலிருக்கிறது. அது நின்றுவிட்டது.

டிரம் நின்றதும் சவரி கண்ணைத் திறந்தான். சொல்தா வாயை எடுத்தார். ஜப்பார் பாய் எடுத்தார். முன்வரிசை வரை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஒருவர்கூட ஏன் என்று திரும்பிக் கேட்கவில்லை. விளக்குகளின் உஸ்ஸென்ற சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதியில் பிலோமினா, "சவரி, டாக்டர் கையெழுத்துக் கேக்குறாருடா!" என்று போட்ட கூச்சல் பின்னால் பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

சவரி நகரவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். போகட்டுமா என்று யாரைக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. ஜப்பார் பாய்தான் அவன் தோளைப் பிடித்துப் பின்பக்கம் நடத்திக்கொண்டு போனார். பஸ் எதிர்ப்பக்கம் போகிறது, அதைத் திருப்ப இடமில்லை. டவுனுக்குப் போக வேறு வண்டியும் இல்லை. ஜப்பார் பாய் அப்படியே திகைத்து நிற்க, பூமாலைகளை விலக்கிக்கொண்டு மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினார். "இதுல ஏறுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். டிரைவர் கண்ணாடியில் தொங்கிய மல்லிகைச் சரங்களைக் கை நிறையப் பிய்த்து வயலில் எறிந்தார். சவரியும் பிலோமினாவும் ஏற, பஸ் ஓரம் கட்ட, கார் ரிவர்சிலேயே போய் மறைந்தது.

அப்புறம்தான் பெரியவர் வந்தார். மாப்பிள்ளையை ஒன்றும் சொல்ல முடியாது. அந்தக் கோபம் முழுவதும் எங்களுக்கு. "எவன்டா நிறுத்துனது? மாஸ்டரக் கூப்பிடு!" மாஸ்டர் இல்லை என்று சொன்னதும் முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக ஏசத் தொடங்கினார். ஒரே ஆளிடம் கொட்டியிருந்தால் அடித்தே இருப்பார். ஆள் ஆளாகப் பிரித்துக் கொடுத்ததில் சொல்தாவிடம் வரும்போதே குரல் இறங்கிவிட்டது. கடைசியில் என்னிடம் வந்து, "ஏன்யா, முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா... அந்தப் பொண்ணுக்கு என்னவாம்?" என்றார். சொன்னேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நடங்க. சும்மா நிக்காதீங்க, வாசிங்க" என்றார்.

எதை வாசிப்பது? ராகத்தைத் தூக்கிக்கொண்டு போகிற கிளாரினெட் போய்விட்டது. அந்தப் பாட்டு முழுவதும் தெரிந்தவன் சவரி ஒருவன்தான். எங்களுக்கு அவரவர் துண்டுதான் தெரியும். மாஸ்டர் இருந்தால் டிரம்பட்டை எடுக்கச் சொல்லியிருப்பார், ஜப்பார் பாய் தெரியாததை ஊதி மானத்தை வாங்கியிருப்பார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஜப்பார் பாய் தனக்குத் தெரிந்த பல்லவியை எடுத்தார், முடிந்ததும் விட்டுவிட்டார். ஒரு நொடி வெறுமை, நான் டிரம்மில் அதை இட்டு நிரப்பினேன். சொல்தா அந்தக் கட்டைக் குரல் வாத்தியத்தில் சரணத்தின் முதல் அடியைத் தொட்டார். அடுத்த அடியை இன்னொருவர். யாருக்குமே தெரியாத இடம் வந்தபோது சின்ன டிரம்காரர்கள் அதைத் தாளத்திலேயே கடந்தார்கள். பாட்டு கை மாறிக் கை மாறி நடந்தது. மாப்பிள்ளை எங்கள் கூடவே புழுதியில் நடந்து வந்தார், வீட்டு வாசல்களில் ஜனம் கூடியது. நாங்கள் அத்தனை நாளில் வாசித்ததிலேயே அதுதான் நன்றாக இருந்தது. அப்படிச் சொல்ல எனக்கு இப்போதும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நெஞ்சு முழுக்க எலிசாவின் நினைப்பு, ஆனால் கை பறந்தது.

பந்தலில் இலை போட்டார்கள். எங்களில் ஒருவரும் உட்காரவில்லை. கார் வந்து நின்றதும் ஓடினோம். டிரைவர் நிதானமான ஆள். கதவைச் சாத்திவிட்டு, "பூவெல்லாம் போச்சுங்க. மாப்புள வந்துட்டாருன்னு ஆஸ்பத்திரி ஆயாவுல்லாம் ஓடியாந்து பாக்குறாங்க, உள்ளேருந்து பேண்டுக்காரர் எறங்குறாரு..." என்று தொடங்கினார். எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது.

"யோவ், அந்தப் பொண்ணு எப்படிய்யா இருக்கு?" இது பெரியவர்.

"அதத்தானே சொல்ல வர்றேன். கையெழுத்துப் போட்டதும் உள்ள கொண்டு போயிட்டாங்க. முடியற வரைக்கும் இருந்து கேட்டுட்டுத்தான் வர்றேன். தாயும் புள்ளையும் சுகம். பொம்பளப்புள்ள."

நான் பக்கத்தில் இருந்த பந்தக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஜப்பார் பாய் வானத்தைப் பார்த்துக் கையேந்தினார். பெரியவர், "மொதல்ல இந்த ஆளுங்களுக்குச் சோறு போடுங்க" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். பசி அப்போதுதான் தெரிந்தது. கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம். அவருடைய சொந்தக்காரர் வீட்டுக் கலியாணங்களும் எங்களை விட்டுப் போகவில்லை.

மறுநாள் முகூர்த்தம் முடிந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலிசா மயக்கம் தெளிந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பிலோமினா குழந்தையைத் துணியில் சுற்றி வராந்தாவுக்கு எடுத்து வந்தாள். சவரி பக்கத்தில் நின்றான், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"காலையிலேயே வலி எடுத்துடுச்சே, ஏம்ப்பா சொல்லல?" என்று கேட்டேன்.

"யார்கிட்டண்ணே லீவு கேக்குறது? மாஸ்டர் இருந்தா கால்ல விழுந்தாவது கேட்டிருப்பேன், குடுக்கலன்னா சண்ட போட்டுட்டு ஓடியிருப்பேன். நீங்கள்லாம் என்னய மாதிரியேதானே. நான் போயிட்டா ஒங்க எல்லாருக்கும் பொழப்புப் போயிடும்னு தோணிச்சு."

எங்களுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. போகாதே என்று அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை. போய்விட்டு வா என்றும் ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் தலைக்கு மேலே ஒருவரும் இல்லை என்று பெருமை பேசியவர்கள், பக்கத்தில் நிற்பவன் முகத்தைப் பார்க்க மறந்திருந்தோம்.

சொல்தா அதுவரை குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சிக்கொண்டிருந்தார். அதை மெதுவாகப் பிலோமினாவிடம் கொடுத்தார். விறைப்பாக நிமிர்ந்து நின்றார். அதற்கு முன் நாங்கள் கேட்டிராத ஒரு குரல், பட்டாளத்து மைதானம் முழுவதும் கேட்கிற குரல், அவரிடமிருந்து கிளம்பியது.

"இனிமே எவனாவது வூட்டுல நோவ வச்சிக்கிட்டு, சொல்லாம வந்து வாத்தியத்தத் தொட்டான், கைய ஒடிச்சிப்புடுவேன்!"

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த நர்ஸ் நின்றுவிட்டாள். குழந்தை வீரிட்டு அழுதது. நாங்கள் அத்தனை பேரும், எங்களை அறியாமல், காலைச் சேர்த்து நேராக நின்றோம். எங்கள் செட்டு கலையும் வரை எங்களில் ஒருவர் மற்றவர்களுக்கு இட்ட ஒரே உத்தரவு அதுதான். அதை ஒருவரும் மீறவில்லை.